நின்றுபோன கடிகாரம் ஒன்று போதும்: சேலத்தில் பழைய கடிகாரப் பித்துக்குள் நுழைகிறவர்களுக்கு

எங்கள் கூட்டத்துக்கு முதல்முறை வருகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் பையோடு வருவார்கள். பைக்குள் ஆன்லைனில் வாங்கிய நாலைந்து வாட்சுகள் இருக்கும். டயல் ஒவ்வொன்றும் கிளிப்பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று பளபளக்கும். "எல்லாமே அறுபதுகளில் வந்தது சார்" என்பார்கள். உண்மையை யார் சொல்வது என்று மேசையைச் சுற்றியிருக்கும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். இன்னொரு வகையினர் வெறுங்கையோடு வந்து, "வீட்டில் தாத்தா காலத்துக் கடிகாரம் ஒன்று இருக்கிறது, ஆனால் ஓடாது" என்று கொஞ்சம் கூச்சத்தோடு சொல்வார்கள். கூச்சமே வேண்டாம். தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

கூட்டம் என்று சொல்கிறேனே தவிர, பதிவு, தலைவர், செயலாளர், சந்தா எதுவும் கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிறு செவ்வாய்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேர் உட்காருவோம். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர் ஒருவர், கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர், ஒரு கல்லூரி மாணவி, கணக்கு எழுதிப் பிழைக்கும் நான், இப்படி. அமெரிக்காவில் வாட்ச், கடிகாரச் சேகரிப்பாளர்களுக்கு 1943லிருந்தே தேசியச் சங்கம் இருக்கிறது. அவர்களுக்கு நூலகம், அருங்காட்சியகம் எல்லாம் உண்டு. எங்களுக்கு இருப்பது ஒரு மேசை, ஒரு வெள்ளைத் துண்டு, ஃபிளாஸ்க்கில் டீ. புதிதாக வருகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில், எதையும் வாங்காதீர்கள்

ஆறு மாதத்துக்குக் காசை வெளியே எடுக்காதீர்கள். அதற்குப் பதில் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்ப் பரணையும் பீரோவையும் விசாரியுங்கள். நம் ஊர்க் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்சும் போடுவது வழக்கம். அறுபது, எழுபதுகளில் அப்படிப் போட்ட வாட்சு பெரும்பாலும் எச்எம்டியாக இருக்கும். கொஞ்சம் வசதியான சம்பந்தம் என்றால் ஃபேவர் லூபா. அந்த மாப்பிள்ளைகள் இன்று தாத்தாக்கள். வாட்சு பீரோவில் நகைப்பெட்டிக்குப் பின்னால் கிடக்கும்.

எச்எம்டியின் கதை சுருக்கமாக: ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1961இல் பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. ஆரம்பகால டயல்களில் சிட்டிசன் பெயரும் இருக்கும். ஜனதா, பைலட், சோனா, காஞ்சன் என்று வரிசையாக வந்தன. பார்வையற்றவர்கள் தொட்டு மணி பார்க்க பிரெயில் வாட்சும் செய்தார்கள். 2016இல் வாட்ச் பிரிவை மூட அரசு முடிவெடுத்தது. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டனின் தொழிற்சாலை ஓசூரில் வந்ததும், பேட்டரி வாட்சுகள் பெருகியதும் ஜனதாவின் மவுசு குறைய ஒரு காரணம். ஓசூர் 1965 வரை நம் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆக இந்தப் பாவத்தில் நமக்கும் தூரத்துப் பங்கு உண்டு என்று எங்கள் ரயில்வேக்காரர் கிண்டல் செய்வார்.

சரி, வாட்சோ சுவர்க் கடிகாரமோ கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். துடைக்கத் தோன்றும். துடைக்காதீர்கள். சுவர்க் கடிகாரங்களில் டயல் பல சமயம் தகடு மேல் ஒட்டிய காகிதம். ஈரத்துணி பட்டால் எண்கள் துணியோடு வந்துவிடும். வெள்ளிப்பூச்சு டயலைத் துடைத்தால் கீழே பித்தளை தெரியும். போட்டோ மட்டும் எடுங்கள்: முன்பக்கம், பின்பக்கம், கதவைத் திறந்து உள்ளே. பெட்டியின் உட்புறத்திலும் முதுகிலும் ஒட்டிய காகிதச் சீட்டு கிழிந்திருந்தாலும் அதைத் தொடாதீர்கள். அமெரிக்க அன்சோனியா, சேத் தாமஸ் கடிகாரங்களை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் அந்தச் சீட்டுதான். ஜெர்மனியின் ஜங்ஹான்ஸ் என்றால் எட்டுமுனை நட்சத்திரத்துக்குள் ஒரு ஜே எழுத்து இருக்கும்.

அப்புறம் ஒரு நோட்டு போடுங்கள். யார் வாங்கியது, எந்தக் கல்யாணத்துக்கு, கடைசியாக யார் சாவி கொடுத்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். மெஷினைப் பிறகுகூடச் சரிசெய்யலாம், அத்தை சொல்கிற கதை அத்தை இருக்கும்வரைதான். "தாத்தா இதை ரயில் நேரத்துக்கு வைப்பார்" என்று யாராவது சொன்னால் அதையும் எழுதுங்கள். இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் 1906 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் வந்தது. அதற்கு முன் ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. சூரியனை வைத்துப் பார்த்தால் சேலத்தின் சொந்த நேரம் இன்றைய இந்திய நேரத்தைவிட சராசரியாக 17 நிமிடம் பின்னால் இருக்கிறது. பழைய ஆட்கள் உச்சிப்பொழுதை வைத்து மணி சொன்னால் கைபேசியோடு ஒத்துப்போகாததில் வியப்பில்லை.

சுவர்க் கடிகாரத்தை மாட்டுவது: இங்கேதான் பாதி வைத்தியம்

இதில் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன். "ஓடாது" என்று கொண்டுவரப்படும் பெண்டுலக் கடிகாரங்களில் கணிசமானவை ரிப்பேரே ஆகாதவை. எங்கள் வீட்டுக் கடிகாரமே அப்படித்தான். ஒரு வருடம் போகிக்கு வெள்ளையடிக்க இறக்கினார்கள், அடித்து முடித்துத் திரும்ப மாட்டினார்கள், நின்றுபோயிற்று. தாத்தா காலமானதும் அதே வருடம் என்பதால், தாத்தாவோடு கடிகாரமும் போய்விட்டது என்று வீட்டில் ஒரு கதை கிளம்பிவிட்டது. பதினாறு வருடம் அது காலண்டர் மாட்டுகிற ஆணிக்குப் பக்கத்தில் சும்மா தொங்கியது. கடைசியில் பார்த்தால் ஒரு விரற்கடை சாய்வுதான் பிரச்சினை.

எப்படிச் சரிசெய்வது? ஆணி அசையக் கூடாது. கடிகாரத்தை மாட்டி, ஐந்தாறு சுற்று சாவி கொடுத்து, பெண்டுலத்தை மெதுவாக ஒரு பக்கம் இழுத்து விடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். டிக், டாக், டிக், டாக் என்று நடுவே ஒரே அளவு இடைவெளி வந்தால் நல்லது. "டிக்டாக்... டிக்டாக்..." என்று இரண்டு அடி நெருங்கி, பிறகு ஒரு இழுவை வந்தால் அது நொண்டுகிறது. நொண்டுகிற கடிகாரம் சில நிமிடத்தில் நின்றுவிடும்.

இப்போது பெட்டியின் அடிப்பாகத்தை இடதுபக்கமாக ஒரு நெல்மணி அளவு தள்ளுங்கள். மறுபடி கேளுங்கள். நொண்டல் கூடினால் வலதுபக்கம் தள்ளுங்கள். குறைந்தால் அதே பக்கம் இன்னும் கொஞ்சம். ஓசை சமமாகிற இடம் வந்ததும் உங்கள் காது சொல்லிவிடும். பெட்டி கண்ணுக்குக் கோணலாகத் தெரியலாம், கவலைப்படாதீர்கள். பெட்டியின் அடிமூலைகள் இரண்டும் சுவரில் படும் இடத்தில் பென்சிலால் சிறு கோடு போட்டுவையுங்கள். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளில் ஒருவராவது "கடிகாரம் சாய்ந்திருக்கிறதே" என்று நேராக்கிவிட்டுப் போவார். அந்தக் கோடு அவருக்காகத்தான்.

ஓடத் தொடங்கியதும் நேரத்தைச் சரிபாருங்கள். பெண்டுலக் குண்டுக்கு அடியில் ஒரு நட்டு இருக்கும். குண்டை மேலேற்றினால் கடிகாரம் வேகமாகும், இறக்கினால் மெதுவாகும். கால் மீட்டர் நீளப் பெண்டுலத்தில் ஒரு மில்லிமீட்டர் மாற்றம் நாளுக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். ஆகவே கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருகாதீர்கள். திருகிய அளவையும் மறுநாள் வித்தியாசத்தையும் நோட்டில் எழுதினால், இரண்டு வாரத்தில் வாரத்துக்கு ஒரு நிமிடத்துக்குள் கொண்டுவந்துவிடலாம்.

சாவி கொடுப்பதில் இரண்டு சங்கதி. டயலில் இரண்டு ஓட்டை இருந்தால் பெரும்பாலும் வலது பக்கம் ஓடுவதற்கு, இடது பக்கம் மணி அடிப்பதற்கு. எட்டு நாள் கடிகாரம் என்றால் எட்டாவது நாள்வரை காத்திருக்க வேண்டாம். வாரத்தில் ஒரே கிழமையில் இரண்டுக்கும் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது சாவியைப் பட்டென்று விடாமல், பல் மாட்டுகிற ஓசை கேட்ட பிறகு கையைத் தளர்த்துங்கள். பல் தேய்ந்திருந்தால் ஸ்பிரிங் திருப்பி அடித்து விரலைப் பெயர்த்துவிடும். பெயர்க்கும் என்பது மிகையில்லை. சாவி கொடுத்த நிலையில் மெஷினைப் பிரிக்கக் கூடாது என்பதும் அதனால்தான்.

மணி ஐந்து இருக்கும்போது எட்டு அடிக்கிறதா? பழைய வகைகளில் இது சகஜம். எட்டு அடித்து முடித்ததும், மணி முள்ளை மட்டும் விரலால் எட்டுக்குத் தள்ளுங்கள். அப்புறம் நிமிட முள்ளை முன்பக்கமாகச் சுற்றிச் சரியான நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு அரை மணிக்கும் முழு மணிக்கும் நின்று, அடித்து முடிக்க விடுங்கள். பின்பக்கமாகச் சுற்றாதீர்கள்.

எண்ணெய் விஷயத்தில் என் கதை

என் மாமா ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தார். அவருடைய குவார்ட்டர்ஸ் கடிகாரம் மக்கர் செய்தது என்று கீழே கொண்டுவந்து கொடுத்தார். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், எல்லாம் தெரியும் என்ற வயசு. சித்திரை வெயிலில் சேலத்தில் உட்கார்ந்து, தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, எல்லாச் சக்கரத்துக்கும் தேங்காய் எண்ணெய் வைத்தேன். ஜோராக ஓடியது. மாமா சந்தோஷமாக மேலே எடுத்துப்போனார்.

ஒரு வாரத்தில் ஆள் சொல்லி அனுப்பினார்: பகலெல்லாம் ஓடுகிறது, ராத்திரி நின்றுவிடுகிறது. "கடிகாரத்துக்கும் குளிருதுபோலடா" என்றார். உண்மையிலேயே அதுதான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். ஏற்காட்டு இரவு கோடையிலும் அதற்குக் கீழே இறங்கிவிடும். வருடக் கடைசியில் திறந்து பார்த்தபோது பித்தளை முழுக்கப் பச்சை பூத்து, எண்ணெய் பிசினாகி இருந்தது. முழுதாகப் பிரித்துக் கழுவ வேண்டியதாயிற்று.

கடிகாரத்துக்கென்று விற்கிற எண்ணெயைத் தவிர வேறெதுவும் வேண்டாம். தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம், துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கிற ஸ்பிரேயும் வேண்டாம். நல்ல எண்ணெயும் அச்சு உட்காரும் துளையில் ஊசிமுனை அளவுதான். சக்கரத்தின் பல்லில் படவே கூடாது. அழுக்கின் மேல் எண்ணெய் விட்டால் அது அரைக்கிற மாவாகிவிடும். ஆக, கழுவத் தெரியாதவர் எண்ணெய் விடவும் கூடாது.

கைக்கடிகாரம்

சாவி வாட்சுக்குத் தினமும் காலையில் ஒரே நேரத்தில், சாவி மேற்கொண்டு திரும்பாமல் நிற்கிற வரை கொடுங்கள். "ஓவராகச் சாவி கொடுத்துக் கெட்டுப்போச்சு" என்பது ஊர்ப் பேச்சு. முழுச் சாவி இருந்தும் ஓடவில்லை என்றால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஜனதாவைக் காதில் வைத்தால் வினாடிக்கு ஐந்து அடி கேட்கும். கைபேசியில் இதற்கென்று செயலிகள் உண்டு. மைக்கில் வைத்தால் நாளுக்கு எத்தனை வினாடி கூடுகிறது, குறைகிறது என்று வரைந்து காட்டும். ஐம்பது வயசு வாட்சு நாளுக்கு அரை நிமிட வித்தியாசத்துக்குள் ஓடினால் நான் அதைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடினால் காந்தம் ஏறியிருக்கலாம். ஸ்பீக்கர், காந்த மூடி உள்ள பர்ஸ், ஃபோன் உறை இவையெல்லாம் காரணம். சாதாரணத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் வாட்சைக் கொண்டுபோங்கள். முள் துள்ளினால் விஷயம் புரிந்துவிடும். ரிப்பேர்காரர் ஒரு நிமிடத்தில் காந்தத்தை எடுத்துவிடுவார். தேதி காட்டும் வாட்சில் இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலை மூன்று வரை தேதியைத் திருகாதீர்கள், அந்த நேரத்தில் பற்கள் மாட்டிக்கொண்டிருக்கும்.

இருட்டில் ஒளிர்ந்த பழைய டயல்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. அறுபதுகள் வரை அந்தப் பூச்சில் ரேடியம் கலந்தார்கள். இன்று அது ஒளிராது, ஆனால் கதிரியக்கம் அப்படியே இருக்கிறது. கண்ணாடியோடு மூடிவைத்திருக்கும்வரை பெரிய பயமில்லை. திறந்து சுரண்டாதீர்கள், அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது.

யாரிடம் கொடுப்பது

என் அப்பாவின் வாட்சை ஒருமுறை ஒரு கடையில் சர்வீசுக்குக் கொடுத்தேன். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். வாங்கப் போனபோது டயல் புத்தம்புதிதாக மின்னியது. "பழசா இருந்துச்சுன்னு மாத்திப் பெயின்ட் பண்ணிட்டோம் சார், எக்ஸ்ட்ரா காசு வேண்டாம்" என்றார், பெரிய உபகாரம் செய்த முகத்தோடு. அப்பாவின் வியர்வையில் மங்கின அந்தத் தந்த நிறம் போனது போனதுதான். தப்பு என்னுடையதும்கூட, எதைச் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை.

அன்றிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கொடுப்பது என் வழக்கம்: டயலைத் தொட வேண்டாம், கேஸுக்குப் பாலிஷ் வேண்டாம், மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரவும். கூடவே மெஷினைப் போட்டோ எடுத்துவைத்துக்கொள்வேன். நல்ல ரிப்பேர்காரர் இதைப் பார்த்துக் கோபப்பட மாட்டார், இன்னும் கவனமாகப் பார்ப்பார். பெரும்பாலும் வயதானவர்கள், ஒரு மேசை, ஒரு விளக்கு, கண்ணில் ஒரு லென்ஸ். அவசரப்படுத்தாதீர்கள். சுவர்க் கடிகாரத்தில் "பழைய மெஷினைத் தூக்கிட்டு பேட்டரி மெஷின் போட்டுத் தரேன்" என்று யாராவது சொன்னால், கும்பிடு போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஆறு மாதம் ஆயிற்று, இப்போது வாங்கலாம்

தொடக்கத்தில் சொன்ன கிளிப்பச்சை டயல்களுக்கு வருவோம். சேகரிப்பாளர்கள் இவற்றை 'மும்பை ஸ்பெஷல்' என்பார்கள். மெஷின் பழசு, டயல் நேற்று அடித்தது, கேஸ் வேறொன்றுடையது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கி எழுத்துகளைப் பாருங்கள். அசல் டயலில் எழுத்தின் ஓரம் கத்தி வெட்டினது போல இருக்கும். புதுப்பூச்சில் மை கசிந்திருக்கும், நிமிடக் கோடுகள் எண்களுக்கு நேராக நிற்காது. விற்பவரிடம் மெஷின் படம் கேளுங்கள். அனுப்ப மறுத்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. ஐம்பது வருட வாட்சில் ஒரு கறைகூட இல்லை என்பது நல்ல செய்தியல்ல.

பாக்கெட் வாட்ச் வாங்க சேலத்தைவிடத் தோதான ஊர் இல்லை, வெள்ளி தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பதால். சுவிஸ் வெள்ளிக் கேஸின் உட்புறத்தில் 0.800 என்ற எண்ணோடு ஒரு காட்டுக்கோழி முத்திரையோ, 0.875 என்ற எண்ணோடு கரடி முத்திரையோ இருக்கும். நிக்கல் சில்வர், ஆல்பைன் சில்வர் என்று பொறித்திருந்தால் அதில் வெள்ளி பெயருக்கு மட்டும்தான். சந்தேகம் இருந்தால் பட்டறைக்காரரிடம் காட்டுங்கள். பழக்கதோஷத்தில் கல்லில் உரசப் போவார், கையைப் பிடித்து நிறுத்துங்கள். முத்திரையையும் எடையையும் பார்த்தே அவரால் சொல்ல முடியும். உருக்குவதற்கு என்ன விலை வரும் என்றும் சேர்த்துச் சொல்வார், அதைக் காதில் வாங்காதீர்கள்.

நூறு வருடம் தாண்டிய பொருளை வெளிநாட்டுக்கு விற்றனுப்பும் ஆசை வந்தால், 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும் என்பது நினைவிருக்கட்டும்.

கூட்டத்துக்கு வரும்போது

ஒரே ஒரு கடிகாரம் கொண்டுவாருங்கள், கூடவே உங்கள் நோட்டு. ஓடாவிட்டாலும் பரவாயில்லை. மேசையில் வெள்ளைத் துண்டு விரித்திருப்போம். வாட்சோடு பட்டையைப் பிணைக்கிற சின்னக் கம்பி தெறித்தாலும் திருகாணி விழுந்தாலும் அதில் தங்கும். அடுத்தவர் வாட்சைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. டீ வரும் முன் விலை பேசக் கூடாது. இரண்டாவது விதியை அதிகம் மீறுகிறவன் நான்தான்.

உங்கள் ஊரில் இப்படி ஒன்று இல்லை என்றால் மூன்று பேர் போதும். வாழப்பாடியில் ஒரு டீக்கடை பெஞ்சில்கூட நடத்தலாம். ஒருவர் பேசட்டும், இருவர் கேட்கட்டும், யாராவது எழுதிவைக்கட்டும்.

வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் ஏற்காடு போவோம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்கு முன் பெண்டுலத்தைக் கழற்றித் தனியே துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டினபடியே கொண்டுபோனால் அதைத் தாங்குகிற மெல்லிய தகடு முறிந்துவிடும். மேலே போய் மாட்டிய பிறகு ஒரு வேடிக்கை பார்க்கலாம். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், சேலத்தைவிட 1,200 மீட்டருக்கு மேல் ஏற்றம். புவியீர்ப்பு அங்கே ஒரு துளி குறைவு. அதனால் பெண்டுலம் நாளுக்குப் பத்துப் பதினைந்து வினாடி பின்தங்க வேண்டும். ஆனால் குளிரில் பித்தளைத் தண்டு சுருங்கும். ஒரு டிகிரி குறைந்தால் நாளுக்கு முக்கால் வினாடிக்கு மேல் முந்தும். ஏழெட்டு டிகிரி குளிரில் பின்தங்கியதில் பாதி ஈடாகிவிடுகிறது. மரத்தண்டு என்றால் அந்த ஈடும் அதிகம் இருக்காது. மேலே போனதும் நட்டைத் திருக ஓடாதீர்கள். முதலில் நொண்டுகிறதா என்று கேளுங்கள், இரண்டு நாள் ஓடவிட்டு நோட்டில் எழுதுங்கள், அப்புறம் கால் சுற்று.